கோயிலுக்காக வளைத்த கோடு

திட்டமிடல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் சிலர், "மேடம், உங்க அனுபவத்த கொஞ்சம் எழுதிக் குடுங்க, எங்களுக்கு உதவும்" என்று கேட்டீர்கள். கேட்ட ஐந்து பேரும் தமிழ்ப் பிள்ளைகள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். மலாயில் எழுதினால் யாராவது அதற்கு ஒரு ஃபைல் திறந்து, எண் போட்டு, அலமாரியில் வைத்துவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. நானே அப்படி நிறைய வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்றவர்கள் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாக் கதையிலும் கடைசியில் அவர்கள்தான் ஜெயிப்பார்கள். நான் ஜெயித்த கதையும் ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு பத்தி போதும். மீதி எல்லாம் நான் செய்த ஒரு வேலையைப் பற்றியது. அந்த வேலைக்கு எனக்கு அரைமணி நேரம்தான் ஆனது. அதன் பலனை அனுபவித்தவள் சரசு என்ற ஒரு பெண்.

நான் சாஆ ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஜொகூரில் ஒரு நகராண்மைக் கழகத்தில் வரைவாளராகச் சேர்ந்து, துணைத் திட்ட அதிகாரியாக ஓய்வுபெற்றேன். எந்தக் கழகம், எந்த ஆறு என்றெல்லாம் எழுதப் போவதில்லை. செனாய் பக்கம் தொழிற்பேட்டைகள் நிரம்பிவிட்டதால், கிடங்கு கட்ட இடம் தேடி ஆள்கள் எங்கள் பக்கம் வர ஆரம்பித்த காலம் அது.

ஆறு என்று பெயர்தானே தவிர, வெயில் காலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் ஓடும். அதன் ஒரு கரையில் வரிசையாக ஒற்றை மாடி வீடுகள். அங்கிருந்த ரப்பர் தோட்டத்தை விற்றபோது வேலை போன குடும்பங்களுக்குக் கொடுத்த மலிவு விலை வீடுகள் அவை. பள்ளமான இடம். மேடான இடத்தை யார் தோட்டத்துச் சனங்களுக்குக் கொடுக்கிறார்கள்? எதிர்க்கரையில் ஒரு முனீஸ்வரன் கோயில். தகரக் கூரை, நட்டு வைத்த அரிவாள்கள், சுருட்டு வாசம். கோயிலை ஒட்டி ஒரு காலி மனை, அதில் காய்ப்பு நின்றுபோன செம்பனை மரங்கள். இவ்வளவுதான் இடம்.

அந்த இடத்தை முதலில் பார்க்கப் போனபோது வடிகால் இலாகாவிலிருந்து ஒரு மலாய் டெக்னீஷியன் கூட வந்தார். என் வயதுதான் இருக்கும். நான் கரையில் நின்று தண்ணீரையே பார்த்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தேன். அவர் சிகரெட்டைப் பற்றவைத்தபடி, "தெங்கோ அத்தாஸ், புவான்" என்றார். மேலே பாருங்கள் அம்மா என்று அர்த்தம். நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு மேலே ஒரு நீர்ஜாம்பு மரக் கிளையில் பழைய பிளாஸ்டிக் பை ஒன்று சிக்கிக் கிடந்தது. அதற்கும் மேலே ஒரு குழந்தையின் சட்டை. எப்போதோ ஒரு பெருவெள்ளம் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனது. கோயில் கூரை விளிம்பு எந்த உயரமோ, கிட்டத்தட்ட அந்த உயரம்.

அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். முப்பது வருடத்தில் நான் கற்ற உருப்படியான விஷயம் அவர் சொன்ன அந்த இரண்டு வார்த்தைதான். ஆற்றைப் பார்க்கப் போனால் தண்ணீரைப் பார்க்காதீர்கள், மரத்தைப் பாருங்கள். எந்தக் கிளையில் குப்பை தொங்குகிறதோ அதுவரை ஆற்றுக்குச் சொந்தம். கரையோரம் ஏன் சும்மா விட்டு வைக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட எளிதாக விளங்க வைக்க முடியாது. நான் அதைப் பார்த்தேன், புரிந்துகொண்டேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்தது தெரியாமல் செய்ததல்ல.

இப்போது ஜெயித்த கதை. அந்தக் காலி மனைக்காரர் கிடங்கு கட்ட விண்ணப்பம் போட்டார். அவருடைய ஆலோசகர் கொண்டுவந்த பெலானில், அதாவது கட்டட வரைபடத்தில், ஆறு இருந்த இடத்தில் 'பாரிட்' என்று எழுதியிருந்தது. பாரிட் என்றால் மனிதன் வெட்டிய வாய்க்கால். ஆறு என்றால் இரு கரையிலும் அகலமாக நிலம் விட வேண்டும், வாய்க்காலுக்கு அவ்வளவு வேண்டாம். நான் சாமான் அறைக்குப் போய், தூசியில் தும்மித் தும்மிப் பழைய அளவைத் தாள்களைத் தேடி எடுத்தேன். அதில் ஆறு நீல மசியில் வளைந்து வளைந்து பெயரோடு கிடந்தது. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினேன். ஆலோசகர் சிரித்துக்கொண்டே, "புவான் இனி காராங் லா" என்றார். இந்த அம்மா பொல்லாதவள் என்கிறார். அந்தப் பெயர் கழகம் முழுக்கப் பரவியது. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. கெட்டிக்காரி என்ற பெயர் இருந்தால் நாம் போடும் கோட்டை யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வருடம் உள்ளூர்த் திட்டம் வந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான். எந்த நிலம் எதற்கு என்று வரைபடத்தில் வண்ணம் போட்டு, மக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் கேட்டு, கடைசியில் அரசாங்கப் பதிவில் ஏற்றிவிட்டால் அதுவே சட்டம். இயக்குநர் நல்ல மனிதர்தான். ஆற்றின் இரு கரையிலும் இருபது இருபது மீட்டர் பச்சை போடச் சொன்னார், அங்கே கட்டடம் கூடாது என்று. நானே போட்டேன். வரைபடத்தில் அந்தப் பச்சை நாடா அழகாக இருந்தது. நம் தொழிலில் இது ஒரு வியாதி. பச்சை அடித்துவிட்டால் அங்கே மரம் முளைத்துவிட்டது என்று நினைப்போம்.

வரைவு வெளியாவதற்குமுன் கோயில் தலைவர் நான்கு பேரோடு அலுவலகத்துக்கு வந்தார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர், பிறகு சொந்தமாக லாரி வைத்துக்கொண்டவர். விபூதிப் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, பச்சைக்குள்ள நம்ம சாமி நிக்குதாமே?"

"ஆமாண்ணே. ஆத்தோரம் பூரா பச்சைதான்."

"நாளைக்கு எவனாச்சும் இந்தப் பெலானக் காட்டி, ரிசர்வ் நிலத்துல கோயிலு, ஒடைங்கடான்னா என்னா செய்யறது?"

அந்தப் பயம் பொய்யில்லை. நிலப் பட்டா இல்லாத கோயிலில் கும்பிட்டு வளர்ந்தவள் நான். இயந்திரம் வந்து நிற்குமோ என்ற பயத்தோடுதான் எங்கள் தோட்டத்திலும் ஒவ்வொரு திருவிழாவும் நடந்தது. அதனால் அவரை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் சரியான வழி ஒன்று என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் மேட்டு நிலத்தில் வழிபாட்டுத் தலத்துக்கென்றே ஒதுக்கிய மனை ஒன்று காலியாகக் கிடந்தது.

"அண்ணே, தாமான் மேட்டுல மனை இருக்கு. கோயிலுக்குன்னே விட்டது. நான் லெட்டர் போட்டுத் தர்றேன், பட்டாவோட கெடைக்கும். தண்ணியும் ஏறாது."

தலைவர் காதைப் பொத்தாத குறை. "அலமாக், என்னாம்மா பேசுற? ஆத்தோரம் நிக்கிற சாமிம்மா அது. தூக்கிட்டுப் போயி தாமான்ல கார் நிப்பாட்டுற எடத்துல வெக்க முடியுமா? நவுராது அது."

கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ நம்ம தோட்டத்துப் புள்ள. வேற ஆளு இந்த நாக்காலில ஒக்காந்திருந்தா நான் வந்திருப்பனா? ஒரு கோடுதானேம்மா. கொஞ்சம் வளச்சு விட்டுரு."

அவர்கள் போன பிறகு கணினியைத் திறந்தேன். ஆற்றோரமாக நேரே வந்த கோட்டைக் கோயிலுக்கு முன்னால் பிடித்து இழுத்து, தண்ணீர் விளிம்பை ஒட்டி வளைத்து, கோயிலைத் தாண்டிய பிறகு பழைய இடத்தில் சேர்த்தேன். பச்சையிலிருந்து வெளியே வந்த துண்டுக்குச் சமூகப் பயன்பாட்டு நிறம் கொடுத்தேன். காரணம் எழுதும் இடத்தில், 'தற்போதுள்ள பயன்பாட்டுக்கு ஏற்ப' என்று எழுதினேன். அரைமணி நேர வேலை. இருபது மீட்டர் அந்த இடத்தில் மூன்றாகச் சுருங்கியது. யாரும் கேட்கவில்லை. பொல்லாத அம்மா போட்ட கோடாயிற்றே.

இரக்கப்பட்டுச் செய்தேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி, நம் ஆள்கள் என்னைத் தேடி வந்து கெஞ்சியது எனக்கு இனித்தது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் நம்மவர் விவகாரம் ஒன்று என் கையால் முடிகிறது என்ற கிறுக்கு. உங்களுக்கும் அது வரும். விபூதிப் பொட்டலத்தோடு வருவார்கள். வரும்போது இந்தப் பக்கத்தை எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தோம். அந்த வளைவை எதிர்த்து ஒரே ஓர் ஆட்சேபம் வந்தது. அனுப்பியவள்தான் சரசு. எதிர்க்கரை வீட்டு வரிசையில் நாலாவது வீடு அவளுடையது. நாற்பதை நெருங்கும் வயது, செனாயில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. அந்த முனீஸ்வரனுக்கு வருடா வருடம் பால்குடம் எடுப்பவள். விசாரணை அன்று ஒரு நாள் விடுப்பு எடுத்து, தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்திருந்தாள். அறைக்கு வெளியே கோயில் தலைவரும் அவருடைய செயலவைக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் அவள் உள்ளே வர வேண்டும்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நான் செயலாளர். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். முடிந்ததும் மேசைமேல் இருக்கும் மணியைத் தட்டுவது என் வேலை. சரசுவுக்கு மலாய் நன்றாகவே தெரியும். ஆனால் அன்றைக்குப் படபடப்பு. "தமிழ்ல சொல்றேன், அக்கா மலாயில சொல்லிருவாங்க" என்று என்னைக் காட்டினாள். குழுத் தலைவர் சரி என்றார். ஆக, அவள் எதிர்க்கும் கோட்டைப் போட்டவள், அவளுக்கு மொழிபெயர்ப்பாளர், மணி அடிப்பவள் எல்லாம் நானே.

"கோயிலுக்கு நான் விரோதி இல்ல" என்று ஆரம்பித்தாள். "கோயிலு அங்கயே இருக்கட்டும், பச்சையாவே இருக்கட்டும், நாங்களே காவல் காக்குறோம். ஆனா கோடு வளஞ்சிட்டா அது கட்டடம் கட்டுற நெலம் ஆயிரும்கா. இன்னிக்குக் கோயிலு, நாளைக்குப் பக்கத்து மனைக்காரன் கேப்பான். மண்ணு கொட்டி ஒசத்துவான். அந்தப் பக்கம் ஒசந்தா தண்ணி எந்தப் பக்கம் வரும்? எங்கம்மா முப்பது வருசம் ரப்பர் மரத்துல பால் வெட்டுனதுக்குக் கெடச்ச வீடு இது ஒண்ணுதான். எனக்கு வேற போக்கு இல்ல."

படித்த திட்ட அதிகாரி யாரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. நான் குழுவிடம் மலாயில் சொன்னது: "வெள்ளம் வரும் என்று இவர் கவலைப்படுகிறார்." அவ்வளவுதான். பக்கத்து மனையைச் சொல்லவில்லை. மண் கொட்டுவதைச் சொல்லவில்லை. கோயில் பச்சைக்குள்ளேயே இருக்கலாம் என்று அவள் காட்டிய வழியையும் சொல்லவில்லை. நேரமில்லை என்பதெல்லாம் சாக்கு. வேண்டுமென்றேதான் விழுங்கினேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மலாய் தெரிந்தவள் அல்லவா? நான் எதைச் சொன்னேன், எதை விட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "இன்னும் ஒண்ணு இருக்குக்கா..." என்றாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. மணியைத் தட்டினேன்.

ஆட்சேபம் தள்ளுபடியானது. அந்த வருடம் பால்குடத்துக்குப் பெயர் கொடுக்கப் போனவளிடம், "லிஸ்டு முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு அதைச் சொன்னது கோயில் தலைவர்தான், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்து வைத்தேன்.

திட்டம் பதிவில் ஏறிய ஆறாவது மாதம் பக்கத்து மனைக்காரரின் விண்ணப்பம் மீண்டும் வந்தது. அதே ஆலோசகர். இம்முறை பெலானில் ஆறு ஆறாகவே இருந்தது. ஆனால் கிடங்கின் சுவர் தண்ணீரிலிருந்து மூன்று மீட்டரில் நின்றது. கூட்டத்தில் அவர் மிக மரியாதையாகப் பேசினார். கோயில் இருக்கும் இடத்தில் கழகமே கோட்டைத் தண்ணீர் விளிம்புக்குக் கொண்டுபோயிருக்கிறது, அடுத்த மனையில் மட்டும் இருபது மீட்டருக்குத் திரும்பினால் கோடு கோணல்மாணலாகத் தெரியும், நேராக இழுத்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே நியாயம் என்றார். 'எல்லாருக்கும்' என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

இயக்குநர் வரைபடத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "இந்த வளைவு யார் போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

வளைவின்மேல் விரலை வைத்தார். பிறகு, "இவருக்கு முடியாது என்றால் கோயிலையும் பழையபடி பச்சைக்குள் கொண்டுவர வேண்டும். திருத்தம் போடுவோமா? நீங்கள் சொன்னால் போடலாம்" என்றார்.

எனக்கு வாய்த்த ஒரே சந்தர்ப்பம் அது. ஆமாம், போடுங்கள், நான் செய்தது தப்பு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். தலைவரும் நான்கு பேரும் என் வீட்டு வாசலில் வந்து கத்தியிருப்பார்கள். என் பெயர் கெட்டிருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. இயக்குநர் என் மௌனத்தைக் குறித்துக்கொண்டு, நிபந்தனைகளோடு அனுமதி என்று எழுதச் சொன்னார்.

பதினேழு நிபந்தனை எழுதினேன். கரையில் செடி நட வேண்டும், வெள்ள நீர்க் குளம் வெட்ட வேண்டும், மண் அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். நம் தொழிலில் பாடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்று ஒரு வரி எழுதத் தைரியம் இல்லாதவர்கள்தான் பதினேழு நிபந்தனை எழுதுவார்கள். நிபந்தனையின் நீளத்தைப் பார்த்தாலே அதிகாரியின் பயத்தை அளந்துவிடலாம்.

செம்மண் வந்து இறங்கியது. கோயில் தலைவரின் லாரிகளும் ஓடின. மிச்ச மண்ணைக் கோயிலுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். கோயில் தரையும் இடுப்பளவு உயர்ந்தது. நீர்ஜாம்பு மரத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டியபோது அந்தப் பிளாஸ்டிக் பை இன்னும் கிளையில்தான் இருந்ததாம்.

ஆண்டிறுதி மழை வழக்கம்போல வந்தது. மூன்றாவது நாள் காலை பத்து மணிக்கு, கழகத்து ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மற்ற அதிகாரிகளோடு நானும் போனேன். எதிர்க்கரையில் கிடங்கு காய்ந்து நின்றது. கோயிலும் காய்ந்து நின்றது. சாமி சக்தி என்றார்கள் சனங்கள். தண்ணீர் முழுவதும் வீட்டு வரிசைக்குள் இருந்தது. நாலாவது வீட்டில் சரசு சாப்பாட்டு மேசைமேல் ஏறி நின்று, மின்விசிறியில் ஒரு துணி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டி மல்லாந்து மிதந்தது. தண்ணீர் என் இடுப்பைத் தொட்டது. வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்கக்கா, உள்ள வாங்க" என்றாள். "செருப்பக் கழட்ட வேணாம்."

இதைவிடக் கடுமையாக யாரும் என்னை ஏசியதில்லை. நான் அடுத்த வீட்டுக்குப் போனேன். கணக்கெடுப்புப் படிவம் கையில் இருந்ததே.

மறு வருடமும் வெள்ளம். அதற்கு அடுத்த வருடமும். குறுகிப்போன ஆறு இப்போது இழுத்துக்கொண்டு ஓடியது. வீடுகளை நனைத்தது மட்டுமில்லாமல், எதிரே கோயிலின் அடிமண்ணையும் அரித்தது. தரை வெடித்து, ஒரு சுவர் ஆற்றுக்குள் சாய்ந்தது. தலைவர் மறுபடி என் அலுவலகத்துக்கு வந்தார், இம்முறை விபூதி இல்லாமல்.

"தங்கச்சி, அந்தத் தாமான் மேட்டு மனை இன்னும் இருக்கா?"

இருந்தது. லெட்டர் போட்டுக் கொடுத்தேன். நகராது என்ற சாமியைப் பூசை போட்டுத் தலைவரின் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறார், கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில். குடமுழுக்கின்போது என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பட்டுப்புடவை கொடுத்தார்கள். வாசலில் பளிங்குக் கல்லில், கோயில் நிலத்தைக் காத்தவர் என்று என் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் போய்ப் பார்க்கலாம். புடவையை நான் இன்னும் பெட்டியிலிருந்து பிரிக்கவில்லை.

சரசு மூன்றாவது வெள்ளத்துக்குப் பிறகு வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டாள். விற்கப் பார்த்தாளாம், வருடா வருடம் முங்குகிற வீட்டை யார் வாங்குவார்? செனாயில் தொழிற்சாலைக்குப் பக்கத்து அடுக்குமாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாள். அம்மா முப்பது வருடம் பால் வெட்டிச் சம்பாதித்த வீட்டுக்குள் இப்போது லாலாங் புல் வளர்ந்து கிடக்கிறது. இதை நான் செய்தேன். வெள்ளம் செய்தது, மனைக்காரர் செய்தார், தலைவர் செய்தார் என்று பங்கு பிரித்துக் கொடுக்கலாம். பிரித்துக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். என் பங்கு குறையவில்லை.

இப்போது கடைசி விஷயம். போன மாதம் புதிய உள்ளூர்த் திட்ட வரைவை மண்டபத்தில் பார்வைக்கு வைத்திருந்தீர்கள் அல்லவா? பொதுமக்களில் ஒருத்தியாக நானும் வந்திருந்தேன். பெரிய திரை, தொட்டால் பெரிதாகும் வரைபடம், வந்தவர்களுக்கெல்லாம் குடிக்க மைலோ. தொட்டுத் தொட்டு அந்த ஆற்றுக்குப் போனேன். பச்சை நேராக வந்து, ஓர் இடத்தில் சட்டென்று வளைந்து, தண்ணீரை ஒட்டிப் போனது. வளைவுக்குள் ஒன்றுமில்லை. அங்கே இப்போது கிடங்கு லாரிகள் நிற்கின்றன. வளைந்த கோடு பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. கிடங்கைத் தாண்டி, இன்னும் கட்டாத இரண்டு மனைகளுக்கும் அப்படியே மூன்று மீட்டரில் நீண்டிருந்தது. அந்த மனைகளுக்கு எதிரே பள்ளத்தில் வேறொரு வீட்டு வரிசை இருக்கிறது.

பக்கத்தில் நின்ற இளம் அதிகாரியிடம், ஏன் இங்கே வளைகிறது என்று கேட்டேன். உங்களில் ஒருத்திதான்.

"தெரியல ஆண்ட்டி. பழைய மேப்புலயே அப்படித்தான் இருந்துச்சு. நாங்க அத வச்சுத்தான் இழுத்தோம்" என்றாள்.

அவள்மேல் தப்பில்லை. மேசையில் இருந்த ஆட்சேபப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். முப்பது வருடம் மற்றவர்கள் எழுதியதை வாங்கி முத்திரை குத்தியவள், முதல் தடவையாக நானே எழுத உட்கார்ந்தேன். இருபது மீட்டரைத் திரும்பக் கொடுங்கள் என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், இந்தக் கோட்டை வளைத்தவள் நான், அதற்குத் திட்டமிடல் காரணம் எதுவும் கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓய்வூதியத்துக்கு ஏதாவது ஆகுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆனால் ஆகட்டும்.

பிறகு சரசுவுக்குப் போன் செய்தேன். என்னோடு விசாரணைக்கு வருகிறாயா என்று கேட்டேன். அவளுக்குப் பின்னால் தொழிற்சாலை பஸ்ஸின் இரைச்சல் கேட்டது.

"நான் எதுக்குக்கா? எனக்குத்தான் அங்க ஒண்ணும் இல்லியே."

"அன்னிக்கு நீ இன்னும் ஒண்ணு இருக்குன்னு சொன்ன. நான் மணி அடிச்சிட்டேன். அது என்னான்னு சொல்லு, நான் போய்ச் சொல்றேன்."

"மறந்துபோச்சுக்கா" என்றாள். கோபமாகக்கூட இல்லை. பஸ்ஸில் இடம் கிடைத்துவிட்டது, வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

என் ஆட்சேபத்துக்கு அடுத்த மாதம் விசாரணை. கடிதம் வந்துவிட்டது. குழுச் செயலாளர் உங்களில் ஒருவர்தான். ஐந்து நிமிடம் தருவதாகப் போட்டிருக்கிறீர்கள். நான் மெதுவாகப் பேசுகிறவள், வயதும் ஆகிவிட்டது. சரசு மறந்துபோனதையும் சேர்த்து நான்தான் சொல்ல வேண்டும், அது என்னவென்று எனக்குத் தெரியாது. எப்படியும் ஐந்து நிமிடத்தைத் தாண்டிவிடும். அதே மணியைத்தான் இன்னும் வைத்திருக்கிறீர்கள். மண்டபத்துக்கு வந்தபோது பார்த்தேன்.